கூரையில் குடியேறும் எலி

தமிழ்நாட்டு வீடுகளின் பரணிலும் கூரையிலும் குடியேறுபவை பெரும்பாலும் இரண்டு இனங்கள்தான். ஒன்று வீட்டெலி: கருத்த பழுப்பு நிறம், பெரிய காது, உடம்பைவிட நீண்ட வால், 150 முதல் 250 கிராம் வரை எடை. மற்றொன்று 20 கிராம்கூடத் தேறாத சுண்டெலி. சாக்கடையோரம் வளை தோண்டும் பெருச்சாளிக்கு உயரமான இடங்களில் நாட்டமில்லை. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறு எலியே அல்ல. பூச்சி தின்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கரப்பான்களைத் தின்று வீட்டுக்கு உபகாரம் செய்யும் அதையும் எலிக் கணக்கில் சேர்த்து அடித்துக் கொல்வது வீட்டுக்கு வீடு நடக்கும் அநியாயம்.

வீட்டெலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். மனிதரின் தானியத்தோடும் சரக்கோடும் பயணம் செய்து, கப்பலேறி, உலகின் துறைமுகங்களில் எல்லாம் பரவிய விலங்கு இது. ஆனாலும் அதன் உடல் இன்றுவரை மரமேறியின் உடல்தான். உள்ளங்காலில் வரிவரியாகத் தடித்த மெத்தைகள் வழுக்காமல் பற்றிக்கொள்ளும். நீண்ட வால் மெல்லிய கம்பியின் மீது நடக்கும்போது சமநிலை தரும். தென்னையின் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே கூடு வைத்து, குரும்பைகளையும் இளநீர்க் காய்களையும் துளைத்துத் தின்றே வாழ்நாளைக் கழிக்கும் எலிகள் உண்டு. அத்தகைய விலங்கின் கண்ணுக்கு வீடும் ஒரு மரம்தான்: சுவர் அடிமரம், உத்தரமும் கைமரமும் கிளைகள், பரண் கொண்டை. பகலில் இருட்டு, ஆள் நடமாட்டமின்மை, பூனை எட்டாத உயரம், கீழே இறங்கினால் அடுப்படி. அது தேடுவதெல்லாம் அங்கே இருக்கிறது.

ஓட்டு வீட்டில் நுழைய எலி சிரமப்பட வேண்டியதே இல்லை. அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் வேய்ந்த பழைய கூரைகளில், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே நீளமான சுரங்கம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாகத் தென்னிந்தியா எங்கும் பரவிய தட்டையான ஓடுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால் இந்தச் சுரங்கங்கள் குறைந்தன. என்றாலும் மூன்று இடங்கள் திறந்தே இருக்கும்: சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்து, முகட்டு ஓட்டின் அடிப்பகுதி, இறவாணத்தில் கைமரங்களின் நுனிகளுக்கு இடைப்பட்ட வெளி. சாந்து உதிர்ந்த முகட்டு ஓடு ஒன்று போதும், ஒரு குடும்பம் குடியேற.

காங்கிரீட் தளம் போட்டால் எலி போய்விடும் என்று நம்பியவர்கள் பாதிதான் சரி. காங்கிரீட்டை எலி துளைக்காது. ஆனால் காங்கிரீட் வீட்டைச் சுற்றி மனிதரே துளை போடுகிறார். ஏ.சி. குழாய்க்கும் இணையக் கேபிளுக்கும் சுவரில் துளைத்த ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் திறந்த சன்னலாகிவிடும் வட்டம், மொட்டை மாடிக் கதவின் அடியில் இருக்கும் இடைவெளி, மாடியில் போட்ட தகரக் கொட்டகையின் நெளிவு நெளிவான ஓரம் எல்லாமே வாசல்கள்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் அமைக்கும்போது, பழைய ஓட்டு வீட்டின் மச்சையே மீண்டும் கட்டித் தருவதாக ஆகிறது. அதுவும் யாரும் ஏறிப் பார்க்க முடியாத மச்சு.

எவ்வளவு சிறிய துளை போதும் என்பதை அளவோடு தெரிந்துகொள்வது நல்லது. தலை நுழைந்தால் எலிக்கு உடல் நுழைந்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் போதும். ஒரு பென்சில் நுழையும் துளையில் அது நுழையும். வீட்டெலிக்கு அரை அங்குலம் வேண்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால் கடித்துப் பெரிதாக்கும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தேய்த்தே ஆக வேண்டும் என்பதால் மரம், பிளாஸ்டிக், ஈயம், சரியாக இறுகாத சாந்து எல்லாவற்றையும் அது கடிக்கிறது. மின்கம்பியின் உறையைக் கடிப்பதும் இதனால்தான். பரணில் உறையிழந்த கம்பிக்குப் பக்கத்திலேயே எலி சேர்த்து வைத்த காகிதமும் பஞ்சும் கிடப்பது, தீ விபத்துக்கு எல்லா ஏற்பாடும் முடிந்த நிலை.

மேலே ஓசை கேட்டவுடன் எலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஓசை எந்த நேரத்தில் வருகிறது என்பதே முதல் துப்பு. பகலில் கூரையோரம் கிறீச்சொலியும் ஓட்டமுமாக இருந்தால் அணில். நள்ளிரவில் ஆள் நடப்பதுபோல் கனத்த சத்தம் கேட்டால் மரநாயாக இருக்கலாம். சென்னையின் பழைய குடியிருப்புகளில்கூட இது சாதாரணம். மரநாய் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. வனத்துறைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலும் விடியலுக்கு முன்பும் விறுவிறுவென்ற ஓட்டம், பிறாண்டல், கடிக்கும் ஓசை வந்தால் அது எலி. புழுக்கைகள் சந்தேகத்தைத் தீர்க்கும். வீட்டெலியின் புழுக்கை அரை அங்குல நீளத்தில் இரு முனையும் கூராக இருக்கும். சுண்டெலியுடையது அரிசிமணி அளவு. விரலால் அழுத்தினால் பொடிந்து, உள்ளே பூச்சி இறகுகள் மினுங்கினால் வௌவாலின் எச்சம்; கையுறை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

வழியைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு அடையாளங்கள் உதவும். எலி தினமும் ஒரே தடத்தில்தான் போகும். அதன் உடம்பின் எண்ணெயும் அழுக்கும் உரசி உரசி உத்தரத்தின் அடியிலும் குழாய்த் துளையின் விளிம்பிலும் கறுத்த பிசுக்காகப் படிந்திருக்கும். பிசுக்கு பளபளத்தால் வழி புழக்கத்தில் இருக்கிறது. சந்தேகமான துளையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்ப்பது மற்றொரு முறை. காகிதம் இழுபட்டுக் கிடந்தால் அதுதான் வாசல். பரணில் முகப்பவுடரை மெல்லத் தூவி வைத்தால் மறுநாள் காலடித் தடம் தெரியும். கோலமாவு வேண்டாம், அரிசிமாவு கலந்திருந்தால் அது விருந்தாகிவிடும்.

அடைக்கும் வேலையில் பொருள்தான் முக்கியம். துணி, காகித அட்டை, தெர்மாகோல், குழலிலிருந்து பொங்கி வரும் ஃபோம் ஆகியவற்றால் அடைப்பது எலிக்கு ஒரு மணி நேர வேலை கொடுப்பதற்குச் சமம். காற்று வர வேண்டிய இடத்துக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலை. கொசுவலை உதவாது, நைலான் என்றால் ஒரே கடி. சிறு துளைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரப்பரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் சாந்து பூச வேண்டும். கம்பியிழை பல்லில் சிக்குவதால் எலி அதைத் தொடர்ந்து கடிக்காது. சாதாரண இரும்புப் பஞ்சு இரண்டு மழைக்காலத்தில் துருவாகி உதிர்ந்துவிடும். சாந்தில் கண்ணாடிச் சில்லைக் கலந்து எலி வளையை மெத்துவது கிராமத்துக் கொத்தனாரின் பழைய உத்தி. பலன் தரக்கூடியது, பூசுபவர் கையில் உறை போட்டிருந்தால். மாடிக் கதவின் அடியில் தகரப் பட்டை அறையலாம். ஓட்டுக் கூரையில் முகட்டைச் சாந்து வைத்துச் செப்பனிட்டு, சுவர்த் தலையில் ஒவ்வொரு கைமரத்துக்கும் இடையே வலையை வெட்டிப் பொருத்துவது நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் ஓட்டு வீட்டில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. மேல்நிலைத் தொட்டியின் மூடியும், தண்ணீர் வழிந்தோடும் குழாயின் வாயும் இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகிற இரண்டு. தாகத்துக்கு வந்த எலி தொட்டிக்குள் செத்து மிதப்பது பல நாள் கழித்தே தெரியவரும்.

எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் அடைத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் எலிகள் சிறைப்பட்டு, வெளியேற வேறிடத்தில் கடிக்கும், அல்லது செத்து நாறும். புழக்கமுள்ள ஒரு வழியை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அடைத்து, உள்ளே பொறி வைத்து, சில நாள் ஓசையும் புதிய புழுக்கையும் இல்லை என்று உறுதியான பிறகே கடைசித் துளையை மூட வேண்டும்.

அதே நேரத்தில் வீட்டுக்கு வெளியே ஏறுவழிகளையும் துண்டிக்க வேண்டும். வீட்டெலி நின்ற இடத்திலிருந்து இரண்டடிக்கு மேல் எம்பும். கிடைவாக்கில் நான்கடி தாண்டும். ஆகவே மாமரக் கிளையோ முருங்கைக் கிளையோ கூரையிலிருந்து ஆறடியாவது விலகியிருக்க வேண்டும். கூரைமேல் படரும் அவரைக்கொடியும் மல்லிகைக்கொடியும் எலிக்குப் படிக்கட்டு. கூரையை ஒட்டிய தென்னையில் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றி அறைந்தால் நகம் பிடிக்காமல் எலி வழுக்கி விழும். தோப்புகளில் காயைக் காப்பாற்றப் பரிந்துரைக்கப்படும் முறைதான் இது. ஆனால் பக்கத்து மரத்தின் மட்டை உரசிக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை. மழைநீர்க் குழாய்க்கும் இதே தத்துவம் பொருந்தும்: வழவழப்பான தகடு சுற்றுவது, அல்லது குழாயின் குறுக்கே அகன்ற வட்டத் தகடு மாட்டுவது. தூத்துக்குடியிலோ சென்னையிலோ துறைமுகத்தில் கட்டிய கப்பலின் வடத்தில் தொங்கும் வட்டத் தகடுகளும் எலியைத் தடுக்கத்தான்.

பரணை எலி விரும்புவதற்கு இடம் மட்டும் காரணமல்ல, அங்கே நாம் வைக்கும் சாமானும் காரணம். வைக்கோலிலும் பழந்துணியிலும் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்த கொலு பொம்மைகள், கட்டுக்கட்டாக வாரப் பத்திரிகைகள், பஞ்சு பிதுங்கும் மெத்தை, வருடத்துக்கு என்று வாங்கி மூட்டையிலேயே வைத்த புளியும் மிளகாயும் என்று கூடு கட்டவும் குட்டி போடவும் எல்லாம் தயார். அட்டைப்பெட்டிக்குப் பதில் தகரப் பெட்டியோ மூடி இறுகும் கனத்த டப்பாவோ, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, அடியில் பார்வை படும்படி வைத்தால் கூடு கட்ட மறைவிடம் கிடைக்காது. இரவில் கழுவாத பாத்திரம், மூடாத குப்பைக்கூடை, நாய்க்கு வைத்த சோற்றில் மிச்சம், விளக்குத் திரியில் ஊறிய எண்ணெய் வரைக்கும் எலிக்குத் தீனிதான். வீட்டெலிக்கு நாளுக்கு 15 முதல் 30 கிராம் தீனி போதும் என்பதால், கொஞ்சம் சிந்தினால் போகட்டும் என்று விடுவது அதற்கு ஒரு நாள் சோறு.

இந்தப் பாடத்தை ஆய்வு வழியாகவும் உலகம் கற்றுக்கொண்டது. 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தெரு எலிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பொறியாலும் நஞ்சாலும் எலிகளைக் குறைத்த இடங்களில் எண்ணிக்கை விரைவில் பழைய அளவுக்கே ஏறியது. குப்பையும் மறைவிடமும் குறைந்த இடங்களில்தான் குறைந்தது குறைந்தபடி நின்றது. காரணம் எளிது. வீட்டெலி சினைப்பட்ட சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஐந்திலிருந்து எட்டு. அவை மூன்று மாதத்துக்குள் தாமும் குட்டி போடத் தயாராகிவிடும். இடமும் தீனியும் இருக்கும் வரை கொன்ற எலியின் இடம் காலியாக இருப்பதில்லை.

அதற்காகப் பொறி வேண்டாம் என்பதல்ல. வழியை அடைத்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்குப் பொறிதான் சரியான கருவி. கடைகளில் கிடைக்கும் அடிப்பொறி, மரப்பெட்டி, கம்பிக் கூண்டு மூன்றும் வேலை செய்யும். வைக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே பொறியை விசை ஏற்றாமல் தீனியோடு மூன்று நான்கு நாள் அப்படியே விட்டு, அது பயமின்றித் தின்னத் தொடங்கிய பிறகு ஏற்ற வேண்டும். அதுவும் ஒன்றல்ல, நான்கைந்து பொறிகளை ஒரே இரவில். சுண்டெலிக்கு இந்தக் கூச்சம் குறைவு. புதியதை மோந்து பார்க்க உடனே வரும். அடிப்பொறியின் தீனி முனை சுவரைப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் எலி சுவரோரமாகவே போகும். உத்தரத்தின் மேல் வைத்தால் கீழே விழாமல் கம்பியால் கட்டிவிட வேண்டும். தீனிக்கு மசால் வடைக்கு இருக்கும் புகழ் நியாயமானதே என்றாலும், தென்னையில் வளர்ந்த எலிக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு இன்னும் பிடிக்கும். நூலால் கட்டி வைத்தால் தீனியை மட்டும் லாவகமாக உருவிக்கொண்டு போக முடியாது. பசை அட்டை வாங்காமல் இருப்பதே நல்லது. ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும். இதன் பயன்பாட்டைத் தடுக்கும்படி இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

நஞ்சு வேறு கதை. கூரைக்கு அது எல்லா வகையிலும் பொருந்தாது. நஞ்சு தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பது விற்பவர் சொல்லும் சமாதானம். பெரும்பாலும் அது கூட்டுக்கே திரும்பி, ஃபால்ஸ் சீலிங்கின் நடுவிலோ ஓட்டின் அடியிலோ கையெட்டாத இடத்தில் சாகும். நாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கும். கறுப்புப் பொடியாக விற்கும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கிக் கொல்கிறது. ஈரம் பட்டால் வெளியிலும் அதே வாயு கிளம்பும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சுக் காற்றைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஈரலைக் கெடுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசையால் நேர்ந்த மரணங்கள் பெருகியதால் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. இவ்விரண்டுக்கும் மாற்று மருந்தில்லை. கட்டிகளாகக் கிடைக்கும் புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துக் கொல்லும். தவறி உட்கொண்டவருக்கு வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. ஆனால் அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் யாரும் ஊசி போடப் போவதில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக முடியாமல் இருக்க, குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் நஞ்சைத் தவிர்ப்பதே முறை.

மின்செருகியில் மாட்டும் கேளா ஒலிக் கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒலி சுவரையும் பெட்டியையும் தாண்டாது. எலிகளும் சில நாளில் பழகிவிடும். ஆதாரமற்ற விளம்பரத்துக்காக அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001இல் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. கற்பூரம், அந்துருண்டை, புதினா எண்ணெய் எல்லாம் வாசனை இருக்கும் வரைதான். பூனை நடமாடும் வீட்டில் எலி கூச்சப்படும், ஆனால் ஓட்டுச் சந்துக்குள் பூனை போக முடியாது. அங்கே போகக்கூடியது சாரைப்பாம்பு. எலியைத் தேடி அது கூரைக்கு வருவது கிராமங்களில் புதிதல்ல. நஞ்சற்றது என்று தெரிந்தாலும் அதோடு ஒரே கூரையில் தூங்கச் சம்மதிப்பவர் குறைவு.

எலி போன பிறகு பரணைச் சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். எலியின் சிறுநீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் ஈரத்தின் வழியாகவும் தோல் வெடிப்பின் வழியாகவும் உடலுக்குள் போகும். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியாக மூக்கில் ஏறும். சன்னல்களைத் திறந்து, மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்தெடுத்து உறையில் கட்டிப் போட வேண்டும். செத்த எலியை உடனே அகற்றுவதற்கு நாற்றம் மட்டும் காரணமல்ல. உடல் குளிர்ந்ததும் அதன் தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடிக் கிளம்பும். 1896இல் தொடங்கிய பம்பாய்ப் பிளேக்கின்போது நோய் எலியிலிருந்து மனிதருக்கு வந்தது இந்தப் பூச்சியின் மூலமாகத்தான் என்பதை 1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனையால் காட்டினார். பிளேக் இன்று அரிது. ஆனால் தெள்ளுப்பூச்சியால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் இன்னும் இருக்கிறது.

அடைத்த துளைகளை ஆண்டுக்கு இரண்டு முறை ஏறிப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு முறை, ஏனென்றால் வளைகளில் தண்ணீர் ஏறும்போது வெளியிலிருக்கும் எலிகள் மேட்டைத் தேடும். வயல்வெளியை அடுத்த ஊர்களில் தை அறுவடை முடிந்ததும் இன்னொரு முறை. வலையில் துரு, சாந்தில் வெடிப்பு, புதிதாகக் கேபிள் இழுத்தவர் போட்டுவிட்டுப் போன துளை இவைதான் பார்க்க வேண்டியவை. மூன்றாவது பெரும்பாலும் இருக்கும்.